அடுப்பேறாத நடவுச் சாப்பாடு

வயிறு சரியில்லாதவன் தன் வயிற்றோடு நிறுத்திக்கொண்டால் ஊருக்கு ஒரு தொல்லையும் இல்லை. நான் நிறுத்திக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில், பட்டணத்தில் ஓர் இயற்கை வைத்தியரின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுப் பூந்தமல்லிக்குத் திரும்பினேன். மறுநாளே வீட்டில் கருவாட்டுக்குத் தடை. காலையில் முளைகட்டிய பயறு, மதியம் அடுப்பில் ஏறாத காய், இரவில் பழம் என்று கிழமைவாரியாகத் திட்டம் போட்டேன். எனக்கு வயிறு சரியானது உண்மை. (வீட்டில் மற்ற எல்லாருக்கும் கெட்டதும் உண்மை.)

அந்த நேரம் பார்த்து நடவு வந்தது. அப்பா வெளியூரில். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் எங்கள் கழனிக்குப் பாயும் முறை அன்று மாலையோடு முடிகிறது. அதற்குள் நட்டாக வேண்டும், விட்டால் பறித்து வைத்த நாற்று வரப்பிலேயே காயும். நடவாட்களுக்கு மதியம் களியும் கருவாட்டுக் குழம்பும் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதிலும் கை வைத்தேன். களியாவது கிண்டுகிறேன் என்று என் மனைவி எவ்வளவோ மன்றாடினாள். அவர்களுக்கும் உடம்புதானே என்று அவளுக்கே ஒரு குட்டிப் பிரசங்கம் செய்தேன். முட்டாள்!

மதியம் கூடையைத் திறந்தேன். துருவிய பச்சைச் சுரைக்காய், முளைப்பயறு. நடவுப் பெண்களை அழைத்து வந்த கன்னியம்மா, சேறு வழியும் கையோடு கூடைக்குள் நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னா நைனா, மாட்டுக்கு வெச்சத மாத்தி எடுத்தாந்துட்டியா?"

உடம்புக்கு நல்லது என்று விளக்கினேன்.

"எங்க ஒடம்பு நல்லாத்தான் கீது. வவுறுதான் காலியா கீது" என்றபடி கரையேறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். பக்கத்துக் கழனியிலும் அன்று நடவு. அங்கிருந்து கருவாட்டு வாசனை வேறு வந்து தொலைத்தது. சாப்பிடப் போனவர்கள் அங்கேயே நடவுக்கும் இறங்கிவிட்டார்கள்.

ஆத்திரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே சேற்றில் இறங்கினேன். இயற்கை உணவு தந்த தெம்பு ஒரு கட்டு நாற்றை நடுவதற்குத்தான் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது மடைக்காரர் வந்து தண்ணீரை அடுத்த கழனிக்குத் திருப்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காலையில் நட்ட பாதி பிழைத்தது. மீதிப் பாதி அந்தப் போகம் முழுக்கத் தரிசு. அப்பா திரும்பி வந்து கழனியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பக்கம் இன்னாத்த அறுக்கறது, பிரசங்கத்தையா?" என்றார்.

பல வருஷம் கழித்து என் மகள் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு சம்பந்தி என்னைத் தனியாக அழைத்தார். சீரில் ஏதோ குறை போலும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அவர் பந்திப் பக்கம் கண்ணைக் காட்டி, ரகசியமாகக் கேட்டார்:

"எல்லாம் அடுப்புல ஏத்தினதுதானே, சம்பந்தி?"