போர்வைப் பெட்டியில் இருந்த கேமரா

இனிமேல் ஒரு கேமராகூட வாங்குவதில்லை என்று அவர் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்த அன்று, வீட்டில் நான்கு கேமராக்கள் இருந்தன. அவர் கணக்கில் மனைவிக்குத் தெரிந்தது ஒன்று.

பொய்ச் சத்தியம் என்று சொல்லிவிட முடியாது. வாங்குவதில்லை என்றுதான் சொன்னார். வாங்கி வைத்திருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவருக்கு வேலை கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில். பெல்ட்டில் நகர்ந்து வரும் பாட்டில்களை விளக்குக்கு முன்னால் பார்த்து, கீறலும் குமிழியும் கோணலும் உள்ளதை எடுத்து ஒதுக்க வேண்டும். மயிரிழைக் கீறல்கூட அவர் கண்ணுக்குத் தப்பாது. அங்கே அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பூதம் பின்னால்தான் வந்தது.

மனைவிக்கு வேலை காது ஆஸ்பத்திரியில். சத்தம் புகாத கூண்டில் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று சோதித்துச் சொல்லுவாள். மூன்றாவது வீட்டில் குழாய் சொட்டினால் அவளுக்கு இங்கே தெரியும். அவர் மனசுக்குள் முணுமுணுப்பதுகூடக் கேட்கிறதோ என்று அவருக்கு நெடுநாள் சந்தேகம்.

அந்தக் கேமராக்கள் பழைய காலத்துப் பெட்டிகள். முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு கண். அகலமான ஃபிலிம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம், எல்லாம் சதுரம். கழுத்தில் மாட்டி, வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து மேல்மூடி வழியாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். கல்யாணமான நாளிலிருந்தே தலை குனிந்து பழகியவர் என்பதால் அவருக்கு இந்த வகைக் கேமரா சட்டென்று கைவந்துவிட்டது.

"வீட்டுக்கு ஒரு கேமரா," என்று அன்று மனைவி சொல்லியிருந்தாள். "ரெண்டாவது உள்ள வந்தா நான் வெளிய. அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

"எதுக்கு இவ்வளவு கோபம்? அது என்ன சக்களத்தியா?"

"சக்களத்தின்னா சண்டையாவது போடலாம். இத்தனை வருஷமா சன்னலை எடுக்கிறீங்க. மாடிப்படியை எடுக்கிறீங்க. விளக்குக் கம்பத்தை எடுக்கிறீங்க. என்னை ஒரு படம் எடுத்திருப்பீங்களா?"

"நீ அசைஞ்சுட்டே இருக்கியே."

"உயிரோட இருக்கேன்ல?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயம். முன்பு ஒருமுறை இதே மாதிரி குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனவள், மழைக்காலம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தாள். அந்த நாட்களில் வீடு இருந்த இருப்பை அவர் மறக்கவில்லை. பேச ஆளில்லாத அறையில் கடிகாரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது. எதையோ சொல்ல வருவதுபோல. கடைசிவரை சொல்லவில்லை.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? அவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே கறுப்புத் தோல். கண்ணாடி அலமாரியில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும். மற்றவை மறைவில். சூட்கேஸில் ஒன்று, பழுதான மின்விசிறியின் அட்டைப்பெட்டியில் ஒன்று, செருப்பு அலமாரியின் அடித்தட்டில் ஒன்று. தொழிற்சாலையைப் போல ஷிப்ட் முறையில் மாற்றி வைப்பார். மனைவி தூசி தட்டும்போது, "இந்த ஒரு கேமராவுக்கு வந்த வாழ்வு," என்பாள். அவர் பவ்யமாகத் தலையாட்டுவார்.

சத்தியத்துக்குப் பிறகு ஐந்தாவது வந்தது. பழைய சாமான் கடையில் அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

"இதை வெச்சிருந்தவர் சாகிற வரைக்கும் கையை விட்டு இறக்கலையாம்," என்றார் கடைக்காரர். "செத்தப்புறமும் விரலை ஒவ்வொண்ணாத்தான் பிரிச்சாங்களாம்."

"வியாபாரத்துக்காகச் சொல்றீங்களா?"

"வியாபாரத்துக்காகன்னா இதைச் சொல்லாம இருப்பேனே! ரெண்டு கண்ணு இருக்கு பாருங்க. மேல இருக்கிறது நீங்க பாக்கிறதுக்கு."

"கீழ இருக்கிறது?"

"அது பாக்கிறதுக்கு."

துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். புது ஃபிலிம் போட்டு, முதல் படத்துக்குத் திருப்பி வைத்து, கட்டிலுக்கடியில் இருந்த போர்வைப் பெட்டியில், எல்லாப் போர்வைக்கும் அடியில் புதைத்தார். 'புதைத்தார்' என்ற சொல் அவருக்கே அப்போது வந்தது. கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சில நாள் கழித்து, மனைவி வேலைக்குப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தார். அடியில் வைத்த ஞாபகம். கேமரா மேலே இருந்தது. எண் காட்டும் சின்னச் சன்னலில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது.

தானே மறந்திருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மீதிப் படங்களுக்குச் சன்னலையும் மாடிப்படியையும் எடுத்துத் தீர்த்தார். குளியலறையில் இருட்டாக்கிச் சுருளை டப்பாவுக்குள் ஏற்றி, மருந்து ஊற்றி, ஆட்டி, கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார்.

முதல் நான்கு படங்களில் அவர்தான் இருந்தார்.

கூடத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். முகம் கரியாக இருந்தது. தலைமயிர் வெண்ணெருப்பாக இருந்தது. திறந்த வாய்க்குள் இருந்த இருட்டு மட்டும் விளக்கேற்றியதுபோல் எரிந்தது. நான்கிலும் அதே தூக்கம். ஒவ்வொரு படத்திலும் கேமரா கொஞ்சம் கிட்டே வந்திருந்தது.

எல்லாம் இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தவை. மனைவியாக இருக்குமோ? ஆனால் அவளுக்குக் கேமராவைப் பிடிக்கத் தெரியாது. தவிர, வீட்டில் இல்லாத கேமராவில் அவள் எப்படிப் படம் எடுப்பாள்? எடுத்தாள் என்றால் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்றால் அக்கா வீடு. எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்ததில், பேய் என்று வைத்துக்கொள்வதே அவருக்கு ஆறுதலாக இருந்தது.

பேய்க்கு எதிராக ஏதாவது செய்யத்தானே வேண்டும்? அதே கேமராவில் இன்னொரு சுருளைப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

அடுத்த விடுமுறை நாள் பிற்பகல். மனைவி படுக்கையறையிலிருந்து துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு சட்டையை எடுத்து உதறினாள். அப்போது படுக்கையறைக்குள்ளிருந்து அது வந்தது.

ஸ்ர்ர்ர்ர்ர்...

தலையணைக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சத்தம். பிறகு சின்னதாக ஒரு 'டக்'.

அவருக்கு அது என்னவென்று தெரியும். படம் எடுப்பவரும் ஓடிப்போய்ப் படத்தில் நின்றுகொள்வதற்காகக் கேமராவில் டைமர் விசை ஒன்று உண்டு. இழுத்துவிட்டால் கொஞ்ச நேரம் இப்படி முனகும். பிறகு ஷட்டர் விழும். ஆனால் யாராவது இழுத்துவிட வேண்டும்.

"என்ன சத்தம் அது?"

"எது?"

"உள்ள. ஸ்ர்ர்ருன்னு."

அவள் சட்டையை மடியில் வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"மாடி வீட்ல நாற்காலியை நகர்த்தறாங்க. மூணாவது வீட்ல குழாய் சொட்டுது. உங்க வயிறு உருளுது. வேற ஒண்ணும் கேக்கலையே."

அவளுக்குக் கேட்காத சத்தம் இந்த உலகத்துச் சத்தமாக இருக்க வழியில்லை.

மறுநாளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்க் கூண்டில் உட்கார வைத்தாள். கதவு மூடியதும் உலகம் மொத்தமும் போய்விட்டது. தன் ரத்தம் ஓடுவது அவருக்கே கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் அவள் உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. அக்கா வீட்டில் அவள் இருந்த நாட்கள் இப்படித்தான் இருந்தன என்று நினைத்துக்கொண்டார்.

"காது நல்லா இருக்கு," என்றாள் வெளியே வந்ததும்.

"அப்போ அந்தச் சத்தம்?"

"காதுல பழுதில்லைன்னா, பழுது இன்னும் கொஞ்சம் உள்ள."

இரண்டாவது சுருளைக் கழுவியபோது பதினோரு படத்தில் அவரே இருந்தார். நாற்காலிக்கு வெளியே தொங்கிய கை, உள்ளங்கை மேல்பக்கம் திறந்து, யாரோ எதையோ வைக்கக் காத்திருப்பதுபோல். குனிந்து ஷூ மாட்டும்போது பின்னங்கழுத்து. தண்ணீர் குடிக்கும் முன் பழக்கதோஷத்தில் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கும் முகம். கடைசிப் படம் மட்டும் முழு இருட்டு. போர்வைக்குள் விழுந்த 'டக்' அதுவாகத்தான் இருக்கும்.

அவர் ஈரத் துண்டோடு குளியலறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பொறாமை. பேய்க்கு நல்ல கை. மாலை வெளிச்சம் சாய்கிறவரை பொறுத்திருந்து எடுத்திருந்தது. இத்தனை வருஷம் சன்னலையே எடுத்தவர், அந்தச் சன்னலின் வெளிச்சம் தன்மேல் விழுவதை ஒரு நாளும் கவனித்ததில்லை. தன்னை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு மனசு வரும்? செத்தவருக்குத்தான் வேறு வேலை இருக்காது.

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"இதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"என்ன கோளாறு?"

"தானா படம் எடுக்குது."

"அப்ப நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுங்க." கடைக்காரர் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது. "ஐயா, நான் உங்களுக்குக் குடுத்தது இது இல்லையே."

"இதுதாங்க. நல்லா பாருங்க."

"அதுல பக்கவாட்டுல ஒரு பள்ளம் இருந்துச்சு. பழைய ஆளு கட்டைவிரல் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோல் போன இடம். இதுல தோல் முழுசா இருக்கே."

அவர் விரலால் தடவிப் பார்த்தார். வழவழவென்று தோல் இருந்தது. மயிரிழைக் கீறலும் தப்பாத கண்ணுக்கு அந்தப் பள்ளத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.

"வளர்ந்திருக்குமோ?" என்று கேட்டார்.

"எது?"

"தோல்."

கடைக்காரர் கேமராவை ஒரு துணியால் பிடித்து அவர் பையிலேயே போட்டார்.

வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மனைவி விளக்குப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் பையை மேசைமேல் வைத்தார்.

"இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போறதுன்னா போ. ஆனா என்னையும் கூட்டிட்டுப் போ. இந்த வீட்ல தனியா இருக்க மாட்டேன்."

"என்னாச்சு?"

"வீட்ல இருக்கிறது ஒரு கேமரா இல்ல. அஞ்சு."

அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். அலமாரியில் இருந்தது. சூட்கேஸில் இருந்தது. மின்விசிறிப் பெட்டியில் இருந்தது. செருப்புகளுக்கு அடியில் இருந்தது. பையில் இருந்ததையும் எடுத்து வரிசையில் வைத்தார். மங்கிய வெளிச்சத்தில் பத்துக் கண்கள் அவரைப் பார்த்தன.

"இவ்வளவுதான். இந்தக் கடைசி ஒண்ணுதான்... இதுக்குள்ள ஆள் இருக்கு."

"போர்வைப் பெட்டியில பார்த்தீங்களா?"

"அதுல இருந்து எடுத்ததுதான் இது."

"இன்னொரு தடவை பாருங்களேன்."

போர்வைப் பெட்டி என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. படுக்கையறைக்குப் போய்ப் பெட்டியை வெளியே இழுத்து, மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டார். முதல் போர்வை. இரண்டாவது. கடைசிப் போர்வை. அதற்கும் அடியில் விரல் எதன்மேலோ பட்டது. குளிர்ந்த தோல். ஓரத்தில் ஒரு பள்ளம். அவர் கட்டைவிரல் அதில் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்தது.

அவர் போட்ட கூச்சல் மாடி வீட்டு நாற்காலியை நிறுத்தியது.

மனைவி விளக்கைப் போட்டாள். கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டில் தோள் குலுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கூடவே புத்தியும் கொஞ்சம் வந்தது.

"நீயா?"

"பின்ன?"

"அந்த ஸ்ர்ர்ர்...?"

"விசையை இழுத்துவிட்டுட்டுத் துணியை அள்ளிட்டு வந்து உக்காந்தேன். நீங்க அப்பவாவது சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வந்த அன்னிக்கே. பாக்கத்தான் எல்லாம் ஒண்ணு, சத்தம் வேற வேற. ஒண்ணு தும்மும். ஒண்ணு விக்கும். ஒண்ணு பல்லைக் கடிக்கும். ஒரே கேமராவுக்கு இத்தனை வியாதி வருமா?"

அவர் பெட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்தார். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டார்.

"அப்ப ஏன் போகல?"

"போகத்தான் சூட்கேஸை இறக்கினேன். திறந்தா உள்ள கேமரா. என்னதான் தெரியுது இதுலன்னு மூடியைத் திறந்து குனிஞ்சு பார்த்தேன். நாற்காலியில நீங்க தூங்கிட்டிருந்தீங்க. இடம் வலம் மாறி, சின்னதா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ மாதிரி. பார்த்துட்டே நின்னேன். கூப்பிடக்கூடத் தோணல. அப்புறம் சூட்கேஸை இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்."

அவர் கையில் இருந்த பள்ளம் விழுந்த கேமராவையும், கதவு வழியே தெரிந்த கூடத்து மேசைமேல் இருந்த வழவழப்பான கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சுதானே வாங்கினேன்? அந்த ஆறாவது?"

அவள் கூடத்துக்குப் போய் வழவழப்பானதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அது என்னோடது. போர்வைக்கு மேல நான்தான் வெச்சேன். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, உங்க கண்ணுக்கா தெரியப்போகுதுன்னு வாங்கினேன்."