விளையாட்டைப் பார்க்காத ஒரே ஆள்

இனிமேல் மனைவியிடம் கெஞ்சுவதில்லை, ஒரேயடியாக மயக்கிவிடுவது என்று அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானம் செய்தார். பல் தேய்க்கும்போது செய்த தீர்மானம். வாய் நிறைய நுரை இருக்கும்போது ஆண்பிள்ளைக்கு வீரம் வருவது சகஜம்தான்.

அவருக்கு வேண்டியது இன்னும் ஒரு வருஷம். "ஒரே ஒரு வருஷம்மா, முன்னறையை எனக்கு விடு, ஒரு வீடியோ கேம் செஞ்சு முடிச்சிடறேன்" என்று சொல்லி, ஆபீஸ் வேலையை உதறிவிட்டு உட்கார்ந்தவர். அந்த ஒரு வருஷத்துக்கு இப்போது மூன்று வயது. கொழுகொழுவென்று வளர்ந்து வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

தெருவைப் பார்த்த அந்த முன்னறையின் மேல் மனைவிக்கும் ஒரு கண் உண்டு. அவள் பல் டாக்டர். யாரோ ஒருவருடைய கிளினிக்கில், யாரோ ஒருவருடைய நாற்காலியில் ஊரார் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் சொந்தமாக ஒரு நாற்காலி போட வேண்டும் என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். "போட்டுடலாம்" என்றார் இவர். போட்டார். அவருடைய நாற்காலியை.

கேம் ஏன் முடியவில்லை? உழைப்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலம்தான் அவரை ஏமாற்றியது. முதலில், ஒரு தீவில் நூறு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் கேம். நூறாவது ஆளுக்கு மீசை ஒட்டி முடிப்பதற்குள் உலகம் சுட்டுச் சலித்துச் சீட்டாட்ட கேமுக்குப் போய்விட்டது. இவரும் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு சீட்டுக்கட்டைக் கொடுத்தார். அதற்குள் சீட்டும் பழசாகி, மனசுக்கு இதமாகத் தோட்டம் போடும் கேம்தான் ஓடுகிறது என்றார்கள். சீட்டைப் பிடுங்கிப் பூவாளியை மாட்டினார். ஆட்கள் மட்டும் அதே பழைய போர்வீரர்கள். நூறு பேரும் முறைத்துக்கொண்டே ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள்.

இந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் இவர் எழுதிக் கேட்டிருந்த ஒரு கேம் வெளியீட்டுக் கம்பெனி பதில் போட்டது. கேமைப் பார்த்தே இராத ஒருவர் முதன்முதலாக விளையாடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். விளையாடுகிறவர் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேம் செய்தவர் பக்கத்தில் இருக்கலாம். அவர் குரல் ஒரு சொல் கேட்டாலும் வீடியோ தள்ளுபடி.

பார்த்தே இராத ஆளுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தாகிவிட்டது. குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கேமைப் பார்த்த பிறகுதான் குழாயைத் தொட அனுமதிக்கப்பட்டார். கூரியர்காரர் பொட்டலத்தை வாசலில் வீசிவிட்டு ஓடவே பழகியிருந்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். கட்டின மனைவி.

'முழுசா முடிச்சு அவளை அசத்தணும்' என்று நினைத்து நினைத்தே அவளுக்கு மட்டும் காட்டாமல் விட்டிருக்கிறார். மனசு சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்ற இடத்திலேயே யோசனையும் முளைத்தது. அவள் விளையாடினால் வீடியோ கிடைக்கும். விளையாடி மயங்கினால் இன்னொரு வருஷமும் கிடைக்கும்.

"ஏம்மா, இன்னைக்கு லீவுதானே? அரை மணி நேரம் என் கேமை விளையாடிப் பாரேன்."

"நானா? எனக்கு அதுல என்னங்க தெரியும்?"

"தெரியாத ஆள்தான் வேணும். தோணுறதையெல்லாம் பேசிக்கிட்டே விளையாடு. நான் வாயையே திறக்க மாட்டேன்."

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "வாயையே திறக்க மாட்டீங்களா?"

"திறந்தா வீடியோ வீண். கம்பெனிக்காரங்க கண்டிஷன்."

"நான் என்ன பேசினாலும்?"

"என்ன பேசினாலும்!"

"அப்ப சரிங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அங்கேதான் மனிதர் யோசித்திருக்க வேண்டும். பல் டாக்டருக்குப் பாதித் தொழிலே, பதில் பேச முடியாதவர்களோடு பேசுவதுதான். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, "பசங்க என்ன படிக்கிறாங்க?" என்று கேட்டுப் பழகியவள். அவர்கள் 'ங்ங்' என்றால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பல்லைப் பிடுங்கியவள்.

அவர் ஃபோனைப் பிடித்தார். அவள் ஆரம்பித்தாள்.

"யாரு இவன்? ஏன் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தண்ணி ஊத்துறான்? இப்படிக் கடிச்சா கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சிடும்ப்பா... அட, ரோஜா நல்லாருக்கே. நிஜமாவே நல்லாருக்கு."

மயங்குகிறாள்! அவர் மனசு பூவாளி இல்லாமலே நனைந்தது.

அப்போது ஒரு கதவு வந்தது. பழைய கேமில் சுட்டால் திறக்கும் கதவு. இப்போது தண்ணீர் ஊற்றினால் திறக்கும். இது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். 'ஊத்தும்மா, ஊத்து' என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினார்.

"திறக்க மாட்டேங்குது. பரவாயில்லை, எனக்குப் பழக்கம்தான். எங்க வீட்டு முன்னறையும் இப்படித்தான். மூணு வருஷமா வாசல்ல நின்னு பார்த்துட்டுத் திரும்பிடுவேன். உள்ளே ஒருத்தர் ரொம்ப மும்முரமா இருப்பார். தொந்தரவாச்சேன்னு தட்டுறதில்லை."

ஃபோன் பிடித்தவருக்குத் தட்டியிருக்கலாமே என்று சொல்லத் தோன்றியது. தட்டியிருந்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது என்பதும் தோன்றியது.

"அதனால ஒரு முடிவு பண்ணிட்டேன். தோணுறதைச் சொல்லச் சொன்னாங்க, சொல்றேன். அடுத்த மாசம் நாற்காலி வருது. முன்னறைக்கு. இவர் மேஜை மாடிப்படிக்குக் கீழே கச்சிதமா அடங்கும். கிளினிக்ல ஃபோன் எடுக்க, வர்றவங்களை உட்கார வைக்கப் பொறுமையான ஒருத்தர் வேணும். அதுக்கும் ஆள் வீட்டிலேயே இருக்கு. ஆட்சேபணை இருந்தா கையைத் தூக்கலாம்."

ஒரு கையில் ஃபோன். மற்றக் கையைக் கூரையில் இடிக்கிற உயரத்துக்குத் தூக்கினார்.

அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். நாற்காலியில் துடிக்கிறவர்களிடம் காட்டுகிற அதே கனிவோடு, "ஆச்சு, ஆச்சு. இன்னும் கொஞ்சம்தான்" என்றாள்.

ஃபோனை அணைத்ததும் பாய்ந்தார். "என்னம்மா இது, என்னைக் கேட்காம?"

"கேட்டேனே. நீங்களே படம் பிடிச்சு வச்சிருக்கீங்க. மறுத்து ஒரு வார்த்தை பேசினீங்களா?"

"கையைத் தூக்கினேனே!"

"வீடியோவில காட்டுங்க."

போட்டுப் பார்த்தார். படம் பிடிக்கிறவன் கை படத்தில் எப்படி விழும்? கை இல்லை. 'தட்டுறதில்லை' என்ற அவள் குரல்தான் இருந்தது. அந்த இடத்தை இன்னொரு தரம் கேட்டார். அதற்குப் பிறகு வாதாடவில்லை. வீடியோவை அனுப்பிவிட்டு, மேஜையைத் தானே மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போட்டார்.

நாற்காலி வந்தது. கூட்டமும் வந்தது. ஒருநாள் முன்னறை வாசலில் உட்கார்ந்து ஃபோனை எடுத்தால், வெளியீட்டுக் கம்பெனி!

"வீடியோ பார்த்தோம் சார். பிரமாதம்!"

"கேம் பிடிச்சிருந்ததுங்களா?"

"கேமா? அது கிடக்கட்டும். இப்பல்லாம் ஜனங்க விளையாடுறதைவிட, அடுத்தவங்க விளையாடுறதைத்தான் விரும்பிப் பார்க்கிறாங்க. அந்தம்மா பேச்சு இருக்கே! எங்க கேமையெல்லாம் அவங்க விளையாடிக் காட்டுவாங்களா? நீங்க அவங்களுக்கு யாரு?"

கொஞ்சம் யோசித்தார். "ஃபோன் எடுக்கிறவன்."

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னார். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவர் தலைக்கு மேலாக அவள் கேட்டாள்: "எனக்கு ஏதுங்க நேரம்? அது சரி, உங்க ரோஜாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"இல்லை."

அவள் முகம் வாடியது. நிஜமாகவே வாடியது. "நல்ல ரோஜாங்க அது" என்றாள்.

மூன்று வருஷ உழைப்புக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. இன்னும் இரண்டு வார்த்தை வரும் என்று அவர் நிலைப்படியிலேயே நின்றார். வந்தது.

"இவருக்கு முடிஞ்சது. அடுத்தவரை அனுப்புங்க."