கீழே பறந்த மச்சினன்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொள்ளலாம். முடி இல்லாத தலை, சத்தியம் நேராக உள்ளே இறங்கும். லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தன் மச்சினனைப் போர் விமானத்துக்குள் நேருக்கு நேர் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள்.

அன்று இருவரும் மலை மேல் ஏறி நின்றபோது இருந்த சிக்கல் சின்னதுதான். அத்தனை வேகத்தில் போகிற பையனுக்கு, நிற்பது தன் அக்காவும் அத்தானும் என்று எப்படித் தெரியும்?

மச்சினன் விமானப்படையில் பைலட். அவனுடைய பிரிவு அன்று அந்தப் பள்ளத்தாக்கில் தாழப் பறந்து பழகும் என்று மாமியார் வழியாகத் தகவல் வந்திருந்தது. அவன் நேராகச் சொல்லவில்லை. அத்தானோடு பேசுவதை அவன் எப்போதோ விட்டுவிட்டான். அக்காவோடும் பேச்சு ‘நல்லாருக்கியா’வைத் தாண்டுவதில்லை.

எல்லாம் மெக்கானிக்கின் வாயால் வந்தது. ஒருமுறை பயிற்சியில் சக்கரம் இறங்காமல், மச்சினன் விமானத்தை வயிற்றாலேயே தரையில் தேய்த்து நிறுத்தினான். நெற்றியில் தையலோடு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, “நானும்தான் ஆளுங்களை மேல ஏத்தி இறக்கறேன் மாப்ள. ஒரு லிஃப்ட் பெட்டியைக்கூடக் கீழ போட்டதில்ல” என்றார்.

பையன் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனான். மீதித் தட்டை அக்கா சாயங்காலம் வரை மூடியே வைத்திருந்தாள். மெக்கானிக்குக்கு அந்தத் தட்டைப் பார்த்த பிறகுதான் தான் சொன்னது ஜோக் இல்லை என்று உறைத்தது. அதற்குள் பையன் ஏறிய பஸ் போய்விட்டிருந்தது. அப்புறம் அவர் போன் செய்தால் மச்சினன் எடுப்பதில்லை.

ஆகவேதான் அன்று மலை. மலையடிவாரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே அவர் செய்த முதல் வேலை, தன் போனையும் மனைவியின் போனையும் அணைத்துப் பையின் அடியில், பிளாஸ்க்குக்குக் கீழே போட்டது.

“எதுக்குங்க?”

“விமானத்துல ஏறினா முதல்ல இதைத்தான் அணைக்கச் சொல்லுவாங்க. இங்க விமானமே நம்ம பக்கத்துல வருது. ஏற்கெனவே ஒருதடவை கீழ போட்டவன் வேற.”

“இந்தப் பேச்சாலதான் இவ்வளவு தூரம் வந்து நிக்கறோம்” என்றாள் மனைவி.

அடையாளத்துக்காக அவர் கட்டிலிலிருந்து ஒரு சிவப்புப் போர்வையை உருவி வந்திருந்தார். அதை இரண்டு கம்பில் கட்டி நிறுத்தினார். அங்கே விமானத்தைப் படமெடுக்கக் கேமராக்களோடு காத்திருந்த கூட்டத்துக்கு அது பள்ளத்தாக்கையே மறைத்தது. தொப்பி போட்ட ஒருவர், தம்பதியை ஓரமாகப் போகும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஓரத்தில் காற்று அதிகம். போர்வை கம்போடு கிளம்பி, தொப்பிக்காரரையும் அவர் கேமராவையும் அதன் முக்காலியையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டது. மெக்கானிக் அவிழ்க்கப் போய், தானும் உள்ளே மாட்டினார்.

போர்வைக்குள்ளிருந்து தொப்பிக்காரர் சொன்னார்: “சார், வருது. கீழ பாருங்க.”

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. மூன்றாம் மனிதர்கூடத் தன்னைத் தலைகுனியச் சொல்கிறாரே என்று நினைத்தார். போர்வையை உதறி எறிந்துவிட்டு, வைராக்கியமாக அண்ணாந்து பார்த்தார். பழக்கமும் அப்படித்தான்; லிஃப்டில் சத்தம் கேட்டால் அவர் கண் முதலில் மேலேதான் போகும்.

அந்தப் பள்ளத்தாக்கில் விமானம் மேலே வராது. மலையில் நிற்பவர்களின் காலுக்குக் கீழே, ஆற்றை ஒட்டிப் போகும். கூட்டம் மொத்தமும் குனிந்து பார்த்தது. மெக்கானிக் மட்டும் ஒரு வெள்ளை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலை அதிர்ந்தது. போர்வை பள்ளத்தாக்கில் விழுந்தது. சத்தம் தேய்ந்து போகிற திசையைப் பார்த்து அவர் தொண்டை கிழியக் கத்தினார்.

“மாப்ள, தப்பு என்னோடதுதான்.”

திரும்பினால், மனைவி காதைப் பொத்தி, கண்ணை இறுக மூடி நின்றுகொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா?” என்றாள், கண்ணைத் திறந்து.

இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. “பாத்தேன். நம்ம தம்பிதான். கை காட்டினான்.”

அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள்.

“நானும் பாத்தேன். சிரிச்சான்ல?”

“சிரிச்சான்.”

“இளைச்சிட்டான்.”

“ஆமா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு.”

பஸ்ஸில் திரும்பும்போது இருவரும் மாறி மாறி அவனைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். நெற்றித் தழும்பு மறைந்துவிட்டதாம். மீசை வைத்திருக்கிறானாம். அத்தான் கத்தியது காதில் விழுந்து தலையாட்டினானாம். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பித் தன் கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்தார்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் கீழ்வீட்டு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மனைவிக்கு அடக்க முடியவில்லை.

“அக்கா, இன்னிக்கு என் தம்பியைப் பாத்தோம். எவ்வளவு கிட்டத்துல தெரியுமா?”

“நானும்தான் பாத்தேன்” என்றாள் கீழ்வீட்டு அம்மா. “காலையில நீங்க பஸ் ஏறிப் போய் ரெண்டு மணி நேரத்துல வந்துட்டாரு, உங்களுக்காகத்தான் லீவு போட்டேன்னு. சாயங்காலம் வரைக்கும் உங்க வாசப்படியிலயே உக்காந்திருந்தாரு. ரெண்டு பேர் போனும் அணைச்சே கிடக்கு, அத்தானுக்கு இன்னும் கோவம் தீரல போலன்னு சொல்லிட்டு, இப்பத்தான் ரயிலுக்குப் போனாரு.”