மைத்துனனின் ஜெர்மன் கார் அக்கரை சேர்ந்த விவரம்

கைனகரி,
சனிக்கிழமை காலை.

அன்பிற்குரிய மைத்துனன் ஜோய்க்குட்டிக்கு, அத்தான் ஈப்பன் எழுதுவது.

இயேசுவுக்கே புகழ். இங்கே நானும் உன் அக்கா ஏலியாம்மாவும் நலம். உன் மனைவி மோளிக்குட்டி நலம். பசு சினையாக இருக்கிறது, அதுவும் நலம். குவைத்தில் உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ சின்ன வயதிலிருந்தே கதையின் முடிவை முதலில் கேட்கிறவன் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: கார் வந்து சேர்ந்துவிட்டது, ஒரு கீறல் இல்லை. இனி நிதானமாகப் படி. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். மோளிக்குட்டி பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

“அத்தான், பழைய ஜெர்மன் கார் ஒண்ணு பாருங்க, பெரிசா, கறுப்பா. பத்தாம் தேதி புது வீடு ஆசீர்வாதத்துக்கு நான் வந்து இறங்கறப்ப போர்டிகோவுல நிக்கணும்” என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருடம் எண்ணெய்க் கம்பெனிக் கிடங்கில் நின்று நீ சேர்த்ததை, ஏழாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவனை நம்பிக் கொடுத்துவிட்டாய். நான் பார்த்து வாங்கிய தண்ணீர் மோட்டார் மூன்றாம் நாளே ஊமையான கதையை உன் அக்கா வருகிறவர்களுக்கெல்லாம் இன்றும் காப்பியோடு சேர்த்துக் கொடுக்கிறாள். காரும் அப்படி ஆனால் நான் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் ஆலப்புழையில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் என் பழைய மாணவன் சுகுணனைக் கூட்டிக்கொண்டு போன வாரம் கொச்சிக்குப் போனேன்.

அவன் வழியிலேயே பாடம் நடத்தினான். விடிந்தும் விடியாமலும் போய் நிற்க வேண்டும், முதலில் பானட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும் என்றான். சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே என்ஜினை ஓடவிட்டுச் சமாளித்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் வகுப்பைப் பெருக்கி வைப்போமே, அதுபோல. கை வைத்தேன், தோசைக்கல்! விற்கிற ரெஜி என்பவன் “வெயில் சார்” என்றான். மணி காலை ஆறரை. மீட்டர் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் என்று காட்டியது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் என் தலை மாதிரி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஜோய்க்குட்டி, புத்தகத்தைத் திறக்கவே இல்லை என்கிற பையனுடைய புத்தகத்தில் ஓரமெல்லாம் கிழிந்திருந்தால் நாம் நம்புவோமா? உள்ளே உட்கார்ந்தால் கல்யாண மண்டபம் போல செண்ட் வாசனை. வாசனை அதிகமானால் அடியில் என்னவோ இருக்கிறது என்றான் சுகுணன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தான், அது சுருண்டு ஒளிந்திருக்கும் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லையாம். அந்த முழத்தில் சாம்பல் நிறக் கோடு.

நான் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கச் சொன்னேன். அடியில் மயிர்போலக் கறுத்துக் காய்ந்த ஒரு கொத்து. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை வெள்ளத்தை வீட்டுக்குள் உட்காரவைத்து உபசரிக்கிறவர்கள் நாம், நமக்குத் தெரியாதா ஆகாயத்தாமரை வேர்?

“இது என்னப்பா?”

“அது... முந்தின ஓனரோட வீட்டம்மா தோட்டம் போடுவாங்க சார்.”

“டிக்கியிலயா?”

“சார் எந்த ஊரு?”

“கைனகரி.”

அவன் அவசரமாக டிக்கியை மூடப் போனான். “உன் வண்டி ஏற்கெனவே எங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கும்போல இருக்கே” என்றேன். சுகுணன் சிரிப்பை அடக்க முடியாமல் டயரைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். வெள்ளத்தில் முங்கின வண்டி, கண்ணே. ஓடும், ஒரு வருஷம் ராஜா மாதிரி ஓடும். அப்புறம் ஒருநாள் ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும், வைப்பரைப் போட்டால் கண்ணாடி இறங்கும். தப்பித்தாய்!

இரண்டாவது வண்டி திருவல்லாவில் ஒரு பல் டாக்டரம்மாவுடையது. பானட் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. கம்பெனியில் சர்வீஸ் செய்த சீட்டு ஒன்றுவிடாமல் வருஷ வரிசையில் தைத்து வைத்திருந்தார். நான் அதையும் நம்பாமல் கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டேன். சேசிஸ் நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்து ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். பேங்கு கடன் தீர்ந்த கடிதம் இருந்தது, இன்ஷூரன்ஸில் விபத்து எதுவும் பதிவாகவில்லை. சுகுணன் தன் கருவியைச் செருகி வண்டியின் நாடி பிடித்தான். இந்த ரகத்தில் காற்றுப்பை மேல்தான் வண்டியின் உடம்பு உட்கார்ந்திருக்கிறதாம், அது கசிந்தால் ஒரு மூலை மெல்ல உட்கார்ந்துவிடும் என்பதால் உயரத்தைக் குறித்துவைத்து, ஒருநாள் நிறுத்திவைத்து, மறுநாளும் போய் ஸ்கேல் வைத்து அளந்தேன். டாக்டரம்மா, “சார், நான் பல்லு பிடுங்கறப்பகூட இவ்வளவு நேரம் எடுத்துக்க மாட்டேன்” என்றார். சீட் பெல்ட்டின் கடைசி முழம் தும்பைப்பூபோலச் சுத்தம். வாங்கிவிட்டேன்.

இனிதான் கதை. சுகுணன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நம் படகுத்துறையில் நிறுத்தினான். எதிரே கால்வாய்.

“சார், ரோடு?”

“இதோட முடியுது.”

“வீடு?”

அக்கரையைக் காட்டினேன்.

“அப்ப போர்டிகோ?”

“அதுவும் அங்கதான்.”

“வண்டி முங்கின தண்ணியெல்லாம் கண்டுபிடிச்சீங்க, வீட்டு முன்னாடி ஓடற தண்ணி கண்ணுல படலையா சார்?”

அவனுக்கு என்ன தெரியும்? பாலம் வரும், வரும் என்று நம் வரிசையில் ஏழு வீட்டுக்காரர்கள் போர்டிகோ கட்டியிருக்கிறோம். ஒன்றில் தேங்காய் காய்கிறது, ஒன்றில் வாத்துக்கூடு, உன்னுடையதில் இத்தனை நாள் பசு. துறைக்குப் பக்கத்திலே மாதா கோயில் வளாகத்தில் விடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் போர்டிகோவில் நிற்க வேண்டும் என்பது உன் கட்டளை ஆயிற்றே! நெல் ஏற்றும் வள்ளம் இரண்டைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பினான் படகுக்காரப் புஷ்கரன். “எட்டு டன் நெல் ஏத்தறேன் சார், இந்தப் பெட்டி எம்மாத்திரம்!” சுகுணன் அங்குலம் அங்குலமாக ஏற்றினான். முன்சக்கரம் ஏறியதும் ஒரு வள்ளம் கபக்கென்று அமுங்கியது. உன் இருபத்தாறு வருஷமும் இடதுபக்கம் சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டு நான் கரையில் நிற்கிறேன், உன் அக்கா ஜெபமாலையை உருட்டுகிற வேகத்தில் மணி அறுந்துவிடும்போல இருக்கு. நாங்களும் ஓரமா ஏறிக்கிட்டோம். நடுக் கால்வாயில் போறப்ப ஒரு சுற்றுலாப் படகு அலை கிளப்பிக்கிட்டு வருது, அதில் இருக்கிறவங்க நம்ம காரைப் பார்த்துக் கைதட்டறாங்க, புஷ்கரன் அவங்க பரம்பரையையே விசாரிக்கிறான், கார் தொட்டில் மாதிரி ஆடுது, நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்தப்ப அக்கரை!

சுகுணன் வண்டியை இறக்கிப் போர்டிகோவில் நிறுத்தியதும் நேராகப் போய் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து இரண்டு தம்ளர் கஞ்சித்தண்ணீர் குடித்தேன். இப்படி ஒரு நிம்மதி ஓய்வூதிய உத்தரவு வந்த அன்றுகூட எனக்கு வந்ததில்லை. உன் அக்காவும் மோட்டார் பேச்சை எடுக்கவில்லை.

பசுவைத் தென்னையடியில் கட்டிவிட்டோம். பத்தாம் தேதி உனக்காக வாத்து வறுத்து வைக்கிறோம். மாதா உன்னைக் காக்கட்டும், உன் முதுகையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அத்தான்,
ஈப்பன்.

பி.கு.: மோளிக்குட்டி கடிதத்தைப் படம் பிடிக்க வந்தவள் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். “அண்ணா, அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே! குவைத்துல வேலைக்குப் போக வர கம்பெனி பஸ்ஸுதான். லைசென்ஸ்கூடக் கிடையாது.” உண்மையா, ஜோய்க்குட்டி? வண்டியைத் தலைமுதல் கால்வரை சோதித்த நான் வாங்குகிறவனை ஒரே ஒரு கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். முதலில் வியர்த்துப்போனது. பிறகு வாசலுக்கு வந்து பார்த்தேன். முன்னால் கால்வாய், பின்னால் வயல், நடுவில் உன் கார். மனம் குளிர்ந்துவிட்டது. நீ வந்து தைரியமாக உட்கார்ந்து சாவியைத் திருப்பலாம். பாலம் வருவதற்குள் கற்றுக்கொண்டால் போதும், அவசரமே இல்லை.