கிளைக்கடை முதலாளி

ரொட்டிக்கடைக்காரருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் திடீரென்று முதலாளி ஆகும் ஆசை வந்தது. பெயருக்கு அவர் ஏற்கெனவே முதலாளிதான். ஆனால் பெயர்ப்பலகை கம்பெனியுடையது. மாவும் கம்பெனி அனுப்புவது. தொப்பியின் நிறத்திலிருந்து, வருகிறவர்களைப் பார்த்து எத்தனை பல் தெரியச் சிரிக்கலாம் என்பது வரை தடித்த விதிப்புத்தகம் ஒன்றில் போட்டிருந்தது.

"இனிமே என் கடையில என் சரக்கு," என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார்.

"உங்ககிட்ட என்ன சரக்கு இருக்கு?" என்றாள் மனைவி.

அது அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் வீட்டில் சுடும் இஞ்சி பிஸ்கட்டையே கொண்டுபோய் வைத்தார். நாம் வெறும் கிளை, கம்பெனியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்டுச் செய்தால் அப்புறம் என்ன முதலாளி என்று அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பிஸ்கட் பறந்தது. யார் செய்தது என்று கேட்டவர்களிடமெல்லாம், தானே ராப்பகலாக யோசித்துக் கண்டுபிடித்தது என்று கூசாமல் சொன்னார். மருந்துக்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

மூன்றாவது வாரம் கம்பெனி அதிகாரி வந்து நின்றார். கையில் ஒரு பிஸ்கட். முகத்தில் சிரிப்பே இல்லை.

"இது யார் வேலை?"

கடை கையைவிட்டுப் போவது ரொட்டிக்கடைக்காரர் கண்முன்னால் ஓடியது. "சத்தியமா நான் இல்லீங்க சார். எல்லாம் என் வீட்டுக்காரி செஞ்சது. நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன்."

சொல்லி முடித்துத் திரும்பினால், பின்வாசலில் மனைவி, சூடான தட்டோடு. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. அடுப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி அவளைக் கும்பிட்டார். முதல் வாரமே அவள் பிஸ்கட்டையும் செய்முறையையும் அனுப்பி, லெட்டர் எழுதி அனுமதி கேட்டிருந்தாளாம். இனி எல்லாக் கிளைகளிலும் அதுதானாம், அவள் பெயரிலேயே. கடைக்காரர்தான் கண்டுபிடித்தார் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்ததால் விசாரிக்க வேண்டியிருந்ததாம். கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதி, அவரிடமே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ரொட்டிக்கடைக்காரர் வெகுநேரம் ஒரே மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் பார்க்காமலே, "பயத்துல வாய் தவறிப்போச்சு," என்றார்.

"தவறலைங்க. அதட்டிக் கேட்டா உண்மையைச் சொல்லிடுவாருன்னு நான்தான் லெட்டர்ல எழுதியிருந்தேன்."