ஓடக்காரரால் நின்றுபோன தட்டு

பழனிசெட்டிபட்டி,
ஆவணி 19.

கோம்பையில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் ஈஸ்வரபாண்டி அவர்களுக்கு, தங்கள் தங்கை பாண்டீஸ்வரியின் கணவன் சங்கரலிங்கம் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் என் மகள், உங்கள் மருமகள் அனுசுயாவும் சுகம். அங்கே வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள், போன மாதம் உங்கள் நாய் போட்ட குட்டிகள் ஐந்தும் கண் திறந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அனுசுயாவின் நிச்சயதார்த்தத்தன்று நீங்கள் கோபித்துக்கொண்டு போனதிலிருந்து பதினோரு தடவை போன் செய்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது மணியிலேயே கட்டாகிறது. உங்கள் பக்கம் டவர் இல்லை போலும் என்றுதான் இருந்தேன். நேற்று உங்கள் தங்கை கூப்பிட்டதும் நீங்கள் உடனே எடுத்துவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான், கோளாறு டவரில் இல்லை என்று விளங்கியது. ஆகவே தபாலில் வருகிறேன். இதைப் பாதியில் கட் பண்ணாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது என்பது தெரியும். மார்க்கையன்கோட்டை செல்வமணி மகன் கார்த்திக்ராஜை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். தங்கமான பையன், போடியில் ஏலக்காய் கம்பெனியில் மேற்பார்வை வேலை. பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினோம். பத்து நிமிடம் என்று போனவர்கள் முக்கால் மணி நேரம் கழித்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். விசாரித்தால், நிழலாற்றுக் காவலர்கள் என்று ஏதோ மாயாஜாலக் கதையாம், ஏழு பாகமாம், இவள் ஏழையும் படித்தவளாம், அதை யாரோ மூன்று படமாக எடுத்திருக்கிறார்களாம், அவர் அந்தப் படங்களை மட்டும் பார்த்தவராம். படம்தான் கதை என்று அவர் சொல்ல, படம் கதையின் தோல் என்று இவள் சொல்ல, அங்கேயே சம்பந்தம் முறியப் பார்த்தது. ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்மைவிடப் புத்திசாலிகள், மச்சான். அவர் புத்தகத்தைப் படிப்பது, இவள் படத்தைப் பார்ப்பது, பிறகு பேசுவது என்று முடிவு செய்து, இரண்டே மாதத்தில் சமாதானமாகிவிட்டார்கள். பிரச்சினை அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவிடாதவன் நான்தான். கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்த புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று, தகப்பன் என்ற முறையில், முதல் பாகத்தைப் பிரித்தேன். டிராகன், சூனியக்காரி என்று வந்தது, மூடி வைக்கத்தான் போனேன். நாற்பதாம் பக்கத்தில் பெல்வின் வந்துவிட்டார். பெல்வின் என்பவர் ஓடக்காரர். நிழலாற்றில் விடிந்ததும் ஒரு நடை, உச்சியில் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை. ராஜா வந்தாலும் முன்கூட்டி எடுக்க மாட்டார், பூதம் துரத்தினாலும் பிந்தி எடுக்க மாட்டார். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் நான். நேரத்துக்கு வண்டி எடுக்கச் சொன்னதற்காக எத்தனை டிரைவர் என்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அப்படி ஒருத்தரை ஒரு கதையில் பெரிய மனிதராக வைத்து எழுதியதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது நாளில் ஆறு பாகம் முடித்தேன். ஏழாம் பாகத்தை அனுசுயாவின் சிநேகிதி யாரோ வாங்கிக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லையாம். பரவாயில்லை, பெல்வினைப் பற்றி இனிப் புதிதாகத் தெரிய வேண்டியது எனக்கு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு உங்கள் தங்கையோடு உட்கார்ந்து டிவியில் படத்தைப் பார்த்தேன். பெல்வினைக் காணோம். இடைவேளைக்குப் பிறகு வருவார் என்று பார்த்தேன், வரவில்லை. இளவரசி ஆற்றங்கரைக்கு வருகிறாள், ஒரு பேசும் நாய் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்திவிடுகிறது. அவ்வளவுதான், ஆறு முடிந்தது. புத்தகம் டவுன் பஸ் மாதிரி, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்கும், ஏறுகிறவன் இறங்குகிறவன் முகமெல்லாம் தெரியும். படம் பைபாஸ் வண்டி, சீக்கிரம் போகட்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஊரையேவா எடுத்துவிடுவது?

இந்த மனநிலையில்தான் நான் நிச்சயதார்த்தத்துக்குத் தட்டைக் கையில் எடுத்தேன். எதிரே செல்வமணி அவர் தட்டோடு நின்றார். மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவர் பேச்சுவாக்கில், "எம்மகன் ராத்திரி பகலா பொஸ்தகமும் கையுமா இருந்தான் சம்பந்தி. மூணு படத்துல முடிஞ்ச கதைக்கு எதுக்கு ஏழு பொஸ்தகம்?" என்றார். சிரித்துவிட்டுத் தட்டை நீட்டியிருக்கலாம். நான், "அப்ப ஒங்க மகனப் பாக்காம போட்டோவுக்கே தட்ட மாத்தியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். அவர் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். நானும் இழுத்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர்கள் செய்த கூத்தில் பாவம் வெட்கப்பட்டுப் போயிருக்கும் பிள்ளைகள்.

நீங்கள் சமாதானம் செய்யத்தான் வந்தீர்கள். "விடுங்க மாப்ள, அந்த நாய் நல்லாத்தான நீந்துச்சு" என்றீர்கள். அதற்கு நான் சொன்ன பதிலைத் திருப்பி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். "நாய் வளக்குறவருக்கு நாயத் தவிர என்ன தெரியும்?" என்றேன். சபை நடுவே, தாய்மாமனைப் பார்த்து. பந்தியில் இலை போட்டு உப்பு வைத்தாயிற்று, நீங்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனீர்கள். நான் செய்தது தப்பு, மச்சான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து உங்கள் தங்கை எனக்குச் சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், முகத்தை மட்டும் பார்ப்பதில்லை.

இரண்டு தட்டும் எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. மாற்றிய தட்டா மாற்றாத தட்டா என்று ஜோசியருக்கே தெரியவில்லை. பழமெல்லாம் கறுத்துவிட்டது. செல்வமணியைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரும் பெரிய மனிதர், பெரிதுபடுத்தவில்லை. ஆனால், "பொண்ணோட தாய்மாமன் வந்து நிக்காம நாங்க எப்படித் தட்ட மாத்துறது? ஈஸ்வரபாண்டி வந்தாகன்னா நாங்களும் வாரோம்" என்று முடித்துவிட்டார். நியாயம்தானே. ஆவணி முடிந்தால் புரட்டாசி, அதன் பிறகு அவர்கள் வீட்டில் வேறு பேச்சு எழும்பினால் நான் என்ன செய்வேன்? இரண்டு பிள்ளைகளும் ஒருத்தர் மேல் ஒருத்தர் உயிராக இருக்கிறார்கள். என் வாயால் அது கெட்டுப்போகக் கூடாது.

ஆகையால் வருகிற புதன்கிழமை காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் நீங்கள் வந்து முன்னால் நின்று தட்டை மாற்றித் தர வேண்டும். ஓடக்காரரைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன். நாய் நன்றாக நீந்தியது என்று சபையிலேயே சொல்லவும் தயார். ஒன்றே ஒன்று மட்டும், சண்டைக்காக இல்லை, நீங்கள் தெரிந்துகொள்வதற்காக: பெல்வின் மாதிரி ஒரு நேர்மையான மனிதரை நான் டிப்போவிலும் பார்த்ததில்லை, வெளியிலும் பார்த்ததில்லை. அவருக்காக நான் எந்தக் கோவிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். நீங்களும் படித்தால் ஒப்புக்கொள்வீர்கள். முதல் பாகத்தை இதோடு பார்சலில் வைத்து அனுப்பச் சொல்லி அனுசுயாவிடம் கொடுத்திருக்கிறேன். நாற்பதாம் பக்கம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறுசுகளுக்கு ஆசி, நாய்க்குட்டிகளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கோபம் தணியக் காத்திருக்கும்
சங்கரலிங்கம்

பின்குறிப்பு: மாமா, நான் அனுசுயா. பார்சலை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். உள்ளே இருப்பது முதல் பாகம் இல்லை, ஏழாம் பாகம். எந்தச் சிநேகிதியும் வாங்கிப் போகவில்லை, இத்தனை நாள் அரிசி டிரம்மில்தான் இருந்தது. அதில் கோட்டையை எதிரிக்குத் திறந்துவிடுவதே பெல்வின்தான். முதல் பாகத்திலிருந்தே அவர் ஒற்றன். நேரம் தவறாமல் ஓடம் எடுத்ததெல்லாம் எதிரிக்குக் கொடுத்த சைகை. இது எனக்கும் நீங்கள் பார்த்த மாப்பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு நாங்கள் தலையைக் குனிந்தது சிரிப்பை அடக்க. ரிட்டயர் ஆனதிலிருந்து அப்பா இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அதனால் இந்தப் புத்தகம் உங்கள் வீட்டிலேயே, அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். புதன்கிழமை கண்டிப்பாக வந்துவிடுங்கள். அப்பா பெல்வினைப் பற்றி எடுத்தால், ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். நாய் கடைசிப் பக்கம் வரை இளவரசியோடுதான் இருக்கிறது, மாமா. நீங்கள் சொன்னதுதான் சரி.