பத்துக்கும் இருபதுக்கும் நடுவே

தேனிப் பக்கம் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், வம்பு. விவசாயக் கிணறுகளுக்கு இலவச மின் இணைப்பு கேட்டு வரும் விண்ணப்பங்களை, விண்ணப்பித்தவருக்கு நரை தட்டும்வரை பத்திரமாகப் பாதுகாப்பது அதன் தலையாய கடமை. 2002இல் அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. காத்திருப்போர் பட்டியலை அதில் ஏற்றும் வேலை தற்காலிக ஊழியர் எப்சிபாவின் தலையில் விழுந்தது.

கம்ப்யூட்டர் பட்டியலில் 'வரிசை எண்' என்று ஒரு கட்டம் வைத்தாள். முதல் ஆளுக்குப் பத்து, இரண்டாம் ஆளுக்கு இருபது, மூன்றாம் ஆளுக்கு முப்பது.

"ஏம்மா, ஒண்ணு ரெண்டுன்னு போட வேண்டியதுதானே?" என்றார் பொறியாளர் வைகுண்டராஜ்.

"விட்டுப்போன விண்ணப்பம் ஏதும் கெடைச்சா நடுவுல சேக்கலாம் சார். மத்தவுக நம்பரை மாத்த வேணாம்."

வைகுண்டராஜுக்குக் கண் திறந்தது. ஒருவரை முன்னால் கொண்டுவர இன்னொருவரைப் பின்னால் தள்ளி, மனு, வழக்கு என்று இத்தனை வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சமா? சிபாரிசுக் கடிதங்கள் வந்து குவிந்தன. பதினொன்று முதல் பத்தொன்பது வரை ஒரே வாரத்தில் நிரம்பியது. இனி இடமில்லை என்றாள் எப்சிபா, நிம்மதியாக.

"புள்ளி வச்சுப் போடும்மா."

புள்ளி வைத்தாள். அதற்குப் பின்னால் இலக்கங்கள் நீண்டுகொண்டே போயின. அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் தற்காலிக ஊழியரின் வயிறு எந்தக் கோப்பிலும் ஏறாது.

ஒருநாள் மார்க்கையன்கோட்டை மொக்கைச்சாமி வந்தார். பதினோரு வருஷமாகக் காத்திருப்பவர். பட்டியல் ஏற்றியபோது இரண்டாவது ஆள்.

"கெணத்துல தண்ணி கெடக்கு, மேல வாழை கருகுது. என்னையப் பின்னால தள்ளிட்டாகளாமே ஆத்தா?"

வைகுண்டராஜ் பொங்கினார். "யாரு சொன்னா? உங்க நம்பர் அன்னைக்கும் இருவது, இன்னைக்கும் இருவது! எடுத்துக் காட்டும்மா!" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குக் கிளம்பினார்.

"எனக்கு முன்னால எத்தன பேரு?"

"இருநூத்திப் பதினாலு பேருய்யா." எப்சிபா திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மொக்கைச்சாமி திரையையே பார்த்தார். "பத்துக்குப் பக்கத்துல இன்னும் எடமிருக்கா?"

"இருக்கு. தீரவே தீராது."

"அப்ப என்னைய அங்கன போட்டுரு ஆத்தா. யாரையும் பின்னால தள்ளிராத. பாவம், புள்ளகுட்டிக்காரக."

பத்து புள்ளி பூஜ்யம் ஒன்று கொடுத்தாள். அவர் மனம் குளிர்ந்து கும்பிட்டுப் போனார். நல்ல காரியம் செய்ததில் அவளுக்கும் மனம் நிறைந்தது.

பிறகு, போடியில் அப்பா பொன்னுராஜ் வாங்கிப் போட்ட தோட்டம் நினைவுக்கு வந்தது. அவர் விண்ணப்பம் முப்பதாயிரத்துச் சொச்சத்தில் கிடந்தது. இருபுறமும் பார்த்துவிட்டு, பத்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஒன்று என்று தட்டினாள்.

மொக்கைச்சாமியின் நம்பர் மாறவில்லை.